ஜெயிக்கும்போது வீசிய டவல்

மஞ்சக்குப்பம் மைதானத்தில் நம் குத்துச்சண்டைக் கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரில் ஒரு பெரிய படம் கண்ணில் படும். கழுத்தில் பதக்கம், தோளில் சால்வை, சிரிக்காத முகம். கீழே ‘வயதை வென்ற வீராங்கனை’ என்று எழுதியிருக்கிறது. புதிதாகப் பயிற்சியாளர் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் ஒவ்வொருவராக என்னிடம் கேட்டுவிட்டீர்கள்: “சார், இந்த அக்கா உங்க ஸ்டூடண்டாமே?”

ஆமாம். அருள்மேரி என்னிடம்தான் கற்றாள். ஆனால் அந்தப் பதக்கத்தை அவள் என்னிடம் இருந்தபோது வாங்கவில்லை. என்னோடு பேச்சை நிறுத்திய பிறகு வாங்கினாள். கேட்டவர்களுக்கெல்லாம் “நல்ல பொண்ணு, நல்லா வந்தா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மீதியையும் சொல்லிவிடுகிறேன். குத்து எப்படி விடுவது, கால் எப்படி வைப்பது என்பதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்தவர்கள். ரிங்குக்கு வெளியே, கார்னரில், கையில் டவலோடு நிற்கும்போது என்ன செய்வது என்று எந்தப் படிப்பிலும் சொல்லித் தருவதில்லை. அந்த டவலை ரிங்குக்குள் வீசினால் ஆட்டம் நின்றுவிடும், நம் ஆள் தோற்றதாகக் கணக்கு. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

அருள்மேரி கடலூர் முதுநகர்ப் பெண். அப்பா மீன் ஏலம் விடும் இடத்தில் கூடை தூக்குகிறவர். பள்ளியில் படிக்கும்போதே என்னிடம் வந்துவிட்டாள். முன்னால் நிற்பவளைப் பார்த்ததும் பாய்ந்துவிடுவாள், அடித்தே ஜெயிப்பாள். கல்லூரியில் சேர்ந்த வருஷம் மாநில அணிக்கான தேர்வில் அவளுடைய எடைப் பிரிவில் வந்த எல்லோரையும் தோற்கடித்தாள். அணியை அறிவித்தபோது அவள் பெயர் இல்லை. அவளிடம் தோற்ற ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அந்தப் பெண் தேர்வுக் குழுவில் இருந்த ஒருவருக்குச் சொந்தம். பெயர் வேண்டாம்; அவரை ‘குழுக்காரர்’ என்றே வைத்துக்கொள்வோம். நான் நேரே போய்ச் சண்டை போட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“சின்னப் பொண்ணு தானய்யா அவ. அடுத்த வருசம் பாத்துக்கலாம், போ.”

அடுத்த வருஷம் அருள்மேரிக்குக் கல்யாணம் ஆகி, காடாம்புலியூருக்குப் போய்விட்டாள். ‘அடுத்த வருஷம்’ என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அவர்களுக்கு அடுத்த வருஷமும் அதே நாற்காலி இருக்கும். ஆடுகிறவர்களுக்கு ரிங் இருக்காது.

பல வருஷம் கழித்து ஒரு காலையில் அவள் திரும்பி வந்தாள். முப்பதைத் தாண்டியிருந்தாள். கணவன் அந்தோணி முந்திரி லோடு ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவன். வண்டியை மைதான ஓரம் நிறுத்திவிட்டு அவனே வந்து பேசினான்.

“சார், இவ தூக்கத்துல கைய வீசிக்கினே இருக்கா. பக்கத்துல படுத்தா எனக்கு அடி வுழுவுது. நான் லோடு எறக்கப் போற வரைக்கும் இங்கயே வச்சிக்கினு எதையாச்சும் அடிக்க வுடுங்க. புண்ணியமாப் போவும்.”

அவள் சிரித்தபடி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். “போ மச்சான், வண்டிய எடு.”

அவளும் காடாம்புலியூரில் முந்திரிக் கொட்டை உடைக்கிற கொட்டகையில்தான் வேலை பார்த்தாள். கொட்டையின் ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலைத் தின்றுவிடும். உள்ளங்கை கறுத்து, விரல் இடுக்கில் தோல் உரிந்து கிடந்தது. கிளவுஸ் மாட்டுவதற்கு முன்னால் அந்தக் கையில் துணி சுற்றுவேன்.

“எரியுதாம்மா?”

“எரியல சார்.”

எரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் தினமும் கேட்டேன். தினமும் அதே பதில். அப்போதே நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். இளசுகள் வலித்தால் சொல்லிவிடும். தோற்றால் அழுதுவிட்டு, அடுத்த போட்டி எப்போது என்று கேட்கும். வயதான பிறகு ரிங்குக்குத் திரும்பி வருகிறவர்கள் சொல்லவே மாட்டார்கள். இனி எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று அவர்களுக்குத் தெரியும். வலியை மறைப்பதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. டாக்டரை ஏமாற்றுவார்கள், கோச்சை ஏமாற்றுவார்கள், கடைசியில் தங்களையே ஏமாற்றிக்கொள்வார்கள். தாமதமாக வரும் வெற்றியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் யாரும் இதைப் பேசுவதில்லை.

ஆனால் ஆட்டம் வந்தது. முன்னை விட நன்றாகவே வந்தது. சின்ன வயதில் அடித்து ஜெயித்தவள், இப்போது அடி வாங்காமல் ஜெயிக்கக் கற்றாள். எதிரி கை எடுக்கும் முன்பே அவளுடைய தலை அந்த இடத்தில் இருக்காது. மூச்சு சீக்கிரம் வாங்கியது. அதனால் தேவையில்லாமல் ஓர் அடி கூட நகர மாட்டாள். இருபது வயதுப் பெண்கள் அவளைத் துரத்தித் துரத்திக் களைத்துப்போய் நிற்பார்கள். அப்போது மெதுவாக உள்ளே போய் இரண்டு குத்து விட்டுவிட்டு வருவாள். மாவட்டம், மண்டலம் என்று வரிசையாக ஜெயித்தாள். “யாருய்யா அந்த அம்மா?” என்று வெளியூர் கோச்சுகள் என்னிடம் வந்து கேட்டார்கள்.

அந்த வருஷம் மாநிலப் போட்டி சிதம்பரத்தில், ஒரு கல்லூரியின் உள்ளரங்கத்தில் நடந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்திருந்தது. மாநிலத் தங்கம் இருந்தால் உறுதியாகக் கிடைத்துவிடும். வயது வரம்பின்படி அவள் விண்ணப்பிக்க அதுதான் கடைசி வருஷம். ஆக, அந்தப் போட்டி அவளுக்கு வெறும் பதக்கம் இல்லை. முந்திரிக் கொட்டகையிலிருந்து வெளியே வருவதற்கு அவளுக்கு இருந்த ஒரே வழி. அது அவளுக்கும் அந்தோணிக்கும் எனக்கும் தெரியும்.

அரையிறுதியில் ஜெயித்தாள். ஆனால் கடைசி ரவுண்டில் காதுக்குப் பின்னால் ஒரு குத்து பலமாக விழுந்தது. ஹெட்கார்டு போட்டிருந்தாலும் மூளை உள்ளே குலுங்கத்தான் செய்யும். வெளியே வந்ததும் கேட்டேன்.

“தல வலிக்குதா?”

“இல்ல சார்.”

“மயக்கம், குமட்டல்?”

“பசிதான் சார் ஜாஸ்தியா இருக்கு.”

சாப்பிட்டாள். சிரித்துப் பேசினாள். மறுநாள் காலை அரங்கத்துக்கு நடந்து போகும்போது மட்டும் துப்பட்டாவைத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டாள். “என்னம்மா?” என்றேன். “வெயிலு சார்” என்றாள். மூளை குலுங்கினாலும் வெளிச்சம் கண்ணைக் கூசும். ஆனால் சிதம்பரத்து வெயிலும் அப்படித்தான் இருந்தது. தெருவில் போன பாதிப் பெண்கள் தலையில் துணி போட்டிருந்தார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு ஆடலாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தோணி என் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கும் கேட்காத குரலில், “இன்னிக்கி ஒரு நாளு சார். இதோட எங்களுக்கு விடிஞ்சிடும்” என்றான்.

எதிரே நின்றது சென்னையிலிருந்து வந்த ஒரு பெண். கல்லூரி மாணவி. நல்ல உயரம், நல்ல வேகம். முதல் ரவுண்டை அருள்மேரி தெளிவாக எடுத்தாள். இரண்டாவது ரவுண்டிலும் அவள் கைதான் மேலே இருந்தது. அரங்கத்தில் கடலூர்க்காரர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். இன்னும் ஒரே ரவுண்டு. கீழே விழாமல் இருந்தாலே போதும், தங்கம்.

ரவுண்டு முடிந்து கார்னருக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் வாயிலிருந்து பல்லுக்குப் போடும் கார்டை எடுத்தேன். அவள் என்னைப் பார்த்து, மிகவும் சாதாரணமாக, “மாமா, தண்ணி குடுங்க” என்றாள்.

பள்ளிச் சீருடையில் வந்த நாளிலிருந்து அவள் என்னைச் சார் என்றல்லாமல் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

“எத்தினாவது ரவுண்டும்மா வருது?”

“மூணாவது.”

“எங்க இருக்கோம்?”

“செதம்பரத்துல. என்னா சார் இப்பப் போயி?”

எல்லாம் சரியான பதில். இந்த முறை சார் என்றுதான் சொன்னாள். மணி அடித்தது. எழுந்து போனாள்.

கார்னரில் யோசிக்க நேரம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்து, இரண்டு வார்த்தை சொல்வதற்குள் மணி அடித்துவிடும். அந்த ரவுண்டு முழுக்க நான் எதிரியைப் பார்க்கவில்லை. அருள்மேரியின் கண்ணை மட்டும் பார்த்தேன். நன்றாகத்தான் ஆடினாள். தலை நகர்ந்தது. கால் நகர்ந்தது. ஆனால் இடது கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. “கையத் தூக்கு” என்று கத்தினேன். தூக்கினாள், மறுபடி இறங்கியது. களைப்பாக இருக்கலாம். பிறகு ஒரு நேர்குத்து நெற்றியில் விழுந்தது. பெரிய குத்து இல்லை. அவள் இரண்டடி பின்னால் வந்து குனிந்து தரையைப் பார்த்தாள். எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிற மாதிரி பார்த்தாள்.

நான் டவலை வீசினேன்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அருள்மேரி ரிங்கின் நடுவில் கிடந்த டவலைப் பார்த்தாள். எதிரியின் கோச்தான் வீசிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு கையையும் மேலே தூக்கினாள். மேலே பார்த்து ஏதோ சொன்னாள். ஜெபமாக இருக்க வேண்டும். அப்புறம்தான் நடுவர் வந்து அவள் கையை இறக்கி, மற்றப் பெண்ணின் கையைத் தூக்கினார்.

நான் நிறையத் தோல்விகளைப் பார்த்தவன். அந்த முகத்தை மட்டும் இப்போதும் என்னால் நேராக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தோணி தடுப்பைத் தாண்டிக் குதித்து வந்தான். “யாருய்யா டவல் போட்டது? ஜெயிச்சிக்கினு இருக்கிறவளுக்கு யாருய்யா டவல் போட்டது?” நான்தான் என்று தெரிந்ததும் திரும்பி அவளைப் பார்த்தான். அவள்தான் கேட்டாள்.

“ஏன் சார்?”

“நீ என்னய மாமான்னு கூப்புட்டம்மா.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க ஊருல டீக்கடைக்காரரு, பஸ் கண்டக்டரு எல்லாரும் மாமாதான் சார். வாயில வந்துடுச்சி. அதுக்கா? அதுக்காகவா சார்?”

சிதம்பரத்திலேயே ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர், “ஒண்ணும் தெரியல, நல்லாத்தான் இருக்கு” என்றார். அந்தோணி அங்கேயே எழுந்து அவளையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் மட்டும் இருந்து மீதியையும் கேட்டேன். மூளை குலுங்கியிருந்தால் அது ஸ்கேனில் தெரிய வேண்டும் என்று அவசியம் இல்லையாம். “அப்ப அடி பட்டிருந்துதா, இல்லியா டாக்டர்?” என்றேன். “பட்டிருக்கலாம். படாமலும் இருந்திருக்கலாம். கொஞ்ச நாளைக்கு ரிங் பக்கம் போக வேணாம்னு சொல்லுங்க” என்றார். வெளியே வந்து அதைச் சொன்னேன். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்கள். பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

வேலை போயிற்று. அடுத்த அறிவிப்பு வந்தபோது அவளுக்கு வயது தாண்டிவிட்டது.

என்னைப் பற்றிய பேச்சு மாவட்டம் முழுக்கப் போயிற்று. குழுக்காரர் ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டி, “ஜெயிக்கிற ஆளுக்கு டவல் போட்ட ஒரே கோச்சு நம்ம ஆளுதான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவளுடைய இடத்தைப் பறித்த மனிதர், அவளுக்காக என் மேல் வருத்தப்பட்டார். இந்தத் தொழிலில் இதற்கும் நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

அருள்மேரி மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சில மாதம் கழித்துத் திட்டக்குடிப் பக்கம் ஓர் இளம் கோச்சிடம் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல பையன்தான், கெட்டிக்காரன். ஒரு நாள் அவனே எனக்குப் போன் செய்தான்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. அக்காவுக்கு உண்மையிலயே எதாச்சும் இருக்கா? நான் என்னாத்தப் பாக்கணும்?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இடது கை இறங்குகிறதா பார். கேட்டால் பொய் சொல்வாள், கேட்காமல் பார். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டான். அவன் அப்படிக் கேட்டதும் நான் சொன்னதும் அவளுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் அவள் மாநிலத் தங்கம் வாங்கினாள். அதோடு நிற்காமல் தேசியப் போட்டியில் வெண்கலமும் வாங்கினாள். அவளை விடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்களை ஜெயித்து வாங்கியது. பத்திரிகைக்காரர்கள் காடாம்புலியூருக்குப் போய் முந்திரிக் கொட்டகையில் அவளைப் படம் எடுத்தார்கள். அந்த இடைவெளியில் எடுத்த ஓய்வுதான் அவளைக் காப்பாற்றியதா, அல்லது நான் வீணாக ஒரு வருஷத்தைக் கெடுத்தேனா? எனக்குத் தெரியாது. பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். பதில் வரவில்லை. உங்களுக்கும் வராது. நீங்கள் நிறுத்தாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். நிறுத்தியதால் போனது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பாராட்டு விழாவை மஞ்சக்குப்பம் மைதானத்தில் வைத்தார்கள். நானும் போனேன், மேடையில் இல்லை, கீழே நாற்காலி வரிசையில். சால்வை போர்த்தியவர் குழுக்காரர்தான். நீங்கள் பார்க்கிற படத்தில் அவளுடைய தோளில் ஒரு கை மட்டும் தெரியும். அது அவருடைய கை. “சாதிக்க வயசு ஒரு தடையில்லன்னு நம்ம மண்ணோட மக காட்டியிருக்கா” என்று உருக்கமாகப் பேசினார். பேசிய ஒவ்வொருவரும் வயதைப் பற்றியே பேசினார்கள். அந்த வயதால்தான் அவளுக்கு வேலை இல்லை என்று ஒருவரும் பேசவில்லை. விழா முடிந்த மறுநாள் அவள் அதே கொட்டகையில் உட்கார்ந்து கொட்டை உடைத்தாள்.

கடைசியாக அவளிடம் மைக்கைக் கொடுத்தார்கள். கணவனுக்கு நன்றி சொன்னாள். மாமியாருக்கு, திட்டக்குடி கோச்சுக்கு, மாதாவுக்கு நன்றி சொன்னாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, “என்னால முடியாதுன்னு ஒருத்தரு டவல் போட்டாரு. அவருக்கும் நன்றி” என்றாள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பக்கத்து நாற்காலிக்காரர் என்னை யார் என்று தெரியாமல், “நல்லாக் குடுத்தா பாத்தீங்களா சார்” என்று என் தொடையில் தட்டினார். நானும் கை தட்டினேன். வேறு என்ன செய்வது? முடியாது என்று நான் டவல் போடவில்லை. ஆனால் எழுந்து நின்று அதை யாரிடம் சொல்வது?

அதற்கப்புறம் நான் ஓய்வு பெற்றேன். காலையில் நடப்பதற்கு மட்டும் மைதானத்துக்கு வருவேன். போன மாதம் ஒரு நாள் நடந்துகொண்டிருந்தபோது எதிரே அருள்மேரி நின்றாள். கூட அவளுடைய மகள். எட்டாவது படிக்கிறாள். அம்மாவைப் போலவே முறைத்துப் பார்க்கிறாள். சிதம்பரத்துக்கு அப்புறம் அருள்மேரி என்னிடம் பேசியது அன்றைக்குத்தான். நலம் விசாரிக்கவில்லை.

“சார், இவளச் சேத்துக்கணும்.”

“திட்டக்குடி தம்பிகிட்ட வுடலாமேம்மா. ஒனக்கு மெடல் வாங்கிக் குடுத்தவனாச்சே.”

“அவரு நல்லா ஆட வைப்பாரு. தேசியப் போட்டி செமிபைனல்ல எனக்கு ஒரு கண்ணு மங்கலாப் போச்சி. அவருகிட்ட சொன்னேன். இன்னும் ஒரு நிமிசம்தான் அக்கா, தாங்கிடுங்கன்னாரு. தாங்கிட்டேன். எனக்குப் பரவால்ல.” அவள் மகளின் தலையில் கை வைத்தாள். “இவளுக்கு அது ஆவாது.”

நான் அந்தச் சின்னவளைப் பார்த்தேன்.

“நீங்க செஞ்சத நான் மன்னிக்கல சார். இனிமேயும் மாட்டேன். என் வேல போச்சி. ஆனா எம்பொண்ண உங்ககிட்ட தான் வுடுவேன்.”

“நான் ரிட்டயர் ஆயிட்டேன்ம்மா. புதுசா சின்னவங்க வந்திருக்காங்க. நல்லாப் படிச்சவங்க, என்ன விட நல்லாச் சொல்லிக் குடுப்பாங்க.”

அவள் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் எல்லோரும் உள்ளே பிள்ளைகளுக்கு வார்ம் அப் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். சத்தம் வெளியே கேட்டது.

“அவுங்க டவல் போடுவாங்களா சார்?”

“கேட்டுச் சொல்றேன்ம்மா” என்றேன். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இன்னும் திரும்பி வரவில்லை.

கேட்டுவிட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.